இடைக்கச்சையில் ஒரு வாள்

தவக்காலம் தொடங்கிய வாரத்தில் எனக்கு ஒரு மடல் வந்தது. எழுதியவன் என் தமக்கையின் மகன். அமெரிக்க நாட்டின் டெக்சாஸ் மாநிலத்தில் இருபது ஆண்டுகளுக்கு மேலாக வாழ்கிறான். அந்நாட்டின் குடிமகன். பெட்ரோல் நிலையத்தோடு இணைந்த சிறு கடை ஒன்றை நடத்தி, மனைவியையும் இரு பிள்ளைகளையும் காப்பாற்றி வருகிறான். ஞாயிறு திருப்பலியைத் தவறவிடாதவன். கிறிஸ்து பிறப்பு விழா நாள்களில் ஓர் இரவு, முகத்தை மறைத்த இருவர் அவனது கடைக்குள் புகுந்து, துப்பாக்கியை நீட்டிப் பணத்தைப் பறித்திருக்கிறார்கள். உடன் வேலை செய்தவர் கைகளை உயர்த்தச் சற்றுத் தாமதித்ததால், துப்பாக்கியின் அடிப்புறத்தால் அவரது மண்டையில் அடித்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

"மாமா, சட்டைக்குள் மறைத்து வைத்துக்கொள்ளும்படி ஒரு கைத்துப்பாக்கி வாங்கலாம் என்றிருக்கிறேன். எதை வாங்குவது என்று இங்கே எல்லோரும் சொல்கிறார்கள். வாங்கலாமா என்று கேட்டால் ஒருவரும் பதில் சொல்வதில்லை. நீங்கள் சொல்லுங்கள்" என்று அவன் எழுதியிருந்தான்.

நாற்பது ஆண்டுகள் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்ன எனக்கு, இந்தக் கேள்விக்கு உடனே விடை எழுதக் கை வரவில்லை. "வேண்டாம்" என்று ஒரு சொல்லில் எழுதிவிடலாம். பாதுகாப்பான ஊரில் திண்ணையில் அமர்ந்துகொண்டு, அச்சத்தில் வாழ்கிறவனுக்கு அறம் உரைப்பது எளிது. "உன் விருப்பம்" என்று எழுதுவது அதனினும் எளிது. இரண்டும் அவன் கேட்ட கேள்விக்கு விடையாகா. ஆகவே சில வாரங்கள் படித்தேன், சிந்தித்தேன், செபித்தேன். அந்தச் சிந்தனையை வாசக அன்பர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம். நம் பிள்ளைகள் பலர் அந்த நாட்டில் வாழ்கிறார்கள். இந்தக் கேள்வி இன்று என் தமக்கையின் வீட்டுக்கு வந்திருக்கிறது. நாளை உங்கள் வீட்டுக்கும் வரலாம்.

அந்த நாட்டின் நிலை

நம் நாட்டில் 1959-ஆம் ஆண்டின் படைக்கலச் சட்டப்படி, உரிமம் பெறாமல் ஒருவர் துப்பாக்கி வைத்திருப்பது குற்றம். அங்கே நிலைமை வேறு. ஆயுதம் வைத்திருக்கும் உரிமையை அந்நாட்டு அரசமைப்பின் இரண்டாம் திருத்தம் சொல்கிறது. அது தனி மனிதரின் உரிமையே என்று உச்ச நீதிமன்றம் 2008-இல் தீர்ப்பளித்தது. தற்காப்புக்காகக் கைத்துப்பாக்கியைப் பொது இடங்களுக்கு எடுத்துச் செல்லவும் உரிமை உண்டு என்று அதே மன்றம் 2022-இல் மேலும் ஒரு படி சென்றது. டெக்சாஸில் 2021 செப்டம்பர் முதல், தகுதியுள்ள வயது வந்தவர் தனி அனுமதிச் சீட்டு இல்லாமலேயே கைத்துப்பாக்கியோடு நடமாடலாம். இன்று பாதிக்கும் மேற்பட்ட மாநிலங்களில் இதே நிலைதான். எனவே என் மருமகன் சட்டத்தை மீறலாமா என்று கேட்கவில்லை. சட்டம் அனுமதிப்பதை மனச்சான்று அனுமதிக்கிறதா என்றே கேட்கிறான். சட்டம் தடுக்காத இடத்தில் மனச்சான்றின் சுமை கூடுகிறதே அன்றிக் குறைவதில்லை.

பேதுருவின் வாள்

நற்செய்தியில் மறைத்து வைத்த ஆயுதம் ஒன்று உண்டு. நாம் ஆண்டுதோறும் பெரிய வெள்ளியன்று அதைப் பற்றிக் கேட்டும் அவ்வளவாகக் கவனிப்பதில்லை. இறுதி இரா உணவின் முடிவில், வாள் இல்லாதவர் தம் மேலுடையை விற்றாவது ஒன்று வாங்கிக்கொள்ளட்டும் என்று ஆண்டவர் சொல்கிறார். உடனே சீடர்கள் இரண்டு வாள்களைக் காட்டுகிறார்கள். போதும் என்கிறார் அவர் (லூக்கா 22:36-38). நற்கருணை ஏற்படுத்தப்பட்ட அந்த அறையிலேயே இரண்டு வாள்கள் இருந்திருக்கின்றன! அவற்றுள் ஒன்று பேதுருவின் இடையில் இருந்தது. சில மணி நேரத்தில் அது உறையைவிட்டு வெளியே வந்து, தலைமைக் குருவின் பணியாளர் மால்கு என்பவரின் வலக் காதை வெட்டியது. வாளை உறையில் போடச் சொன்ன இயேசு, வெட்டுண்ட காதைத் தொட்டுக் குணமாக்கினார்.

இப்பகுதியை வைத்து இரு தரப்பினரும் வாதிடுகிறார்கள். வாள் வாங்கச் சொன்னவர் அவரே என்கிறது ஒரு தரப்பு. உறையில் போடச் சொன்னவரும் அவரே என்கிறது மற்றது. வாள் பற்றிய அந்தச் சொல், வரவிருக்கும் நெருக்கடியை உணர்த்தும் உருவகம் என்றே விரிவுரையாளர் பலர் கொள்கின்றனர். நான் கவனித்தது வேறு. பேதுரு தம் ஆண்டவர்மீது கொண்ட அன்பினால்தான் வாளை உருவினார். அவரது நோக்கத்தில் குறை காண முடியாது. ஆனால் இருளில், பதற்றத்தில், அந்த வாள் யார்மீது பட்டது? கைது செய்ய ஆணையிட்டவர்மீது அன்று, ஏவலுக்கு வந்த ஒரு பணியாளர்மீது. நல்ல நோக்கத்தோடு இருட்டில் உருவிய ஆயுதம் எங்கே போய் முடியும் என்பதற்கு இதைவிடப் பழைய சான்று வேண்டுமா?

திருச்சபையின் படிப்பினை

நம் முன்னோர் இக்கேள்வியை ஒரே குரலில் விடுவிக்கவில்லை. ஆயுதம் ஏந்திய கள்வனை வழியில் எதிர்ப்பட்டாலும், தன் உயிரைக் காக்கக் கிறிஸ்தவன் அவனைத் திருப்பித் தாக்கலாகாது என்பது 4-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த மிலான் ஆயர் புனித அம்புரோசியாரின் கருத்து. அவரிடம் திருமுழுக்குப் பெற்ற புனித அகுஸ்தினாரும், தனி மனிதர் தாம் கொல்லப்படுவோம் என்ற அச்சத்தில் பிறரைக் கொல்வதை ஏற்கவில்லை. படைவீரருக்கும் பொது அதிகாரத்தால் பணிக்கப்பட்டவருக்கும் மட்டுமே அவர் விலக்கு அளித்தார். கொடியவரை ஒறுப்பதைக் களையெடுப்புக்கு ஒப்பிட்ட நம் வள்ளுவரும் அதை வேந்தனின் கடமையாகத்தானே சொன்னார்!

13-ஆம் நூற்றாண்டில் புனித தாமஸ் அக்குவினாஸ் இந்தக் கேள்வியை வேறு விதமாக அணுகினார். ஒரு செயலுக்கு இரு விளைவுகள் இருக்கலாம் என்றார். தற்காப்புச் செயலின் ஒரு விளைவு, தன் உயிர் காக்கப்படுதல். மற்றொன்று, தாக்கியவன் இறத்தல். முதல் விளைவை நாடி, இரண்டாவதை நாடாமல், தேவைக்கு மிஞ்சிய வன்மையைப் பயன்படுத்தாமல் ஒருவர் தம்மைக் காத்துக்கொண்டால் அது குற்றமன்று. பிறர் உயிரைவிடத் தம் உயிரைப் பேண ஒருவருக்குக் கூடுதல் கடமை உண்டு என்றும் அவர் காரணம் காட்டினார். ஆயினும் தனி மனிதர் ஒருவர், கொல்ல வேண்டும் என்ற எண்ணத்தோடு கொல்வதை அவரும் ஏற்கவில்லை.

1992-இல் வெளியான கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் இதையே பின்பற்றுகிறது (எண்கள் 2263-2265). பிறர் உயிருக்குப் பொறுப்பாளராக இருப்பவருக்கு முறையான தற்காப்பு உரிமை மட்டுமன்று, கடுமையான கடமையாகவும் ஆகலாம் என்று அது சொல்கிறது. 1995-இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் தம் 'வாழ்வின் நற்செய்தி' சுற்றுமடலிலும் இதை மீண்டும் கற்பித்தார் (எண் 55). தற்காப்பு உரிமையைத் துறப்பது வீரத்துக்குரிய அன்பின் செயல் என்றும் அதில் அவர் சொல்கிறார். இதை எழுதியவர் யார் என்பதை மறந்துவிடக் கூடாது. 1981 மே 13 அன்று புனித பேதுரு சதுக்கத்தின் கூட்டத்துக்குள் ஒருவன் மறைத்துக் கொண்டுவந்த 9 மில்லிமீட்டர் கைத்துப்பாக்கியின் குண்டுகளை உடலில் ஏற்றவர் அவர். 1983 டிசம்பரில் சிறைக்கூடத்துக்குச் சென்று, தம்மைச் சுட்டவனோடு அமர்ந்து பேசியவர். மன்னிப்பின் விலையைத் தம் உடலில் செலுத்திய அந்த மனிதரே, பிறரைக் காக்க வேண்டியவரின் கடமையையும் மறுக்கவில்லை.

ஆகவே என் மருமகன் தன்னையும் தன் பணியாளரையும் காக்க விரும்புவது பாவம் என்று நான் சொல்ல முடியாது. திருச்சபை சொல்லாததைச் சொல்ல எனக்கு ஏது உரிமை?

எந்தத் துப்பாக்கி?

"எதை வாங்குவது என்று எல்லோரும் சொல்கிறார்கள்" என்று அவன் எழுதியிருந்தான் அல்லவா? அவர்கள் சொல்வதையும் படித்துப் பார்த்தேன். வெறும் பொருள் வாங்கும் ஆலோசனை என்று நினைத்துத்தான் தொடங்கினேன். அதற்குள்ளேயே அறநெறிக் கேள்விகள் நிறைந்திருக்கக் கண்டேன்.

முதல் கேள்வி அளவு. மறைக்க வேண்டுமானால் துப்பாக்கி சிறியதாக, இலேசானதாக இருக்க வேண்டும். ஐந்து தோட்டாக்கள் கொள்ளும் சிறு ரிவால்வர்கள் 1950 முதல் இதற்கென்றே விற்பனையாகின்றன. அலுமினியக் கலவையில் செய்யப்பட்டவை சுமார் 420 கிராம்தான் இருக்கும். ஆனால் துப்பாக்கி எவ்வளவு இலேசோ அவ்வளவுக்கு அது சுடும்போது கையில் உதைக்கும். குழல் எவ்வளவு குட்டையோ அவ்வளவுக்குக் குறி தவறுவது எளிது. கையாள எளிதான பெரிய துப்பாக்கியோ சட்டைக்குள் அடங்காமல் வீட்டிலேயே தங்கிவிடும். எடுத்துச் செல்ல எளிதானது சுடக் கடினம், சுட எளிதானது எடுத்துச் செல்லக் கடினம். ஆகவே அனுபவமுள்ளவர்கள் நடுத்தரமான 9 மில்லிமீட்டர் பிஸ்டலைப் பரிந்துரைத்து, மாதந்தோறும் பயிற்சி செய்ய வேண்டும் என்கிறார்கள். பயிற்சி செய்ய மனமில்லாதவர் வாங்கவே வேண்டாம் என்று அவர்களுள் நேர்மையானவர்கள் கண்டிப்பாகச் சொல்கிறார்கள். அது சரியே. குறி தவறும் தோட்டா ஒவ்வொன்றும் வேறு யாரையாவது நோக்கித்தான் போகிறது. நியூயார்க் நகரக் காவலர்கள் 1998 முதல் 2006 வரை எதிரிகளோடு நேருக்கு நேர் சுட்டுக்கொண்ட நிகழ்ச்சிகளில் இலக்கில் பட்டவை நூற்றுக்குப் பதினெட்டே என்று ஓர் ஆய்வு கண்டது. பயிற்சி பெற்ற காவலருக்கே இந்த நிலை என்றால் நள்ளிரவில் நடுங்கும் கடைக்காரரின் நிலை என்ன?

இரண்டாவது, விசை. ரிவால்வரின் விசையை அழுத்தச் சுமார் ஐந்து கிலோ விசை வேண்டும். இன்றைய பிஸ்டல்கள் பலவற்றுக்கு அதில் பாதி போதும். இலேசான விசை துல்லியத்துக்கு உதவும். ஆனால் அதே இலேசு, பதறிய விரலுக்கும் வீட்டில் ஓடியாடும் குழந்தையின் விரலுக்கும் இடம் கொடுத்துவிடும். எனவே விசையை முழுதும் மூடும் கெட்டியான உறை இல்லாமல் பிஸ்டலை இடுப்பில் செருகலாகாது என்கிறார்கள்.

மூன்றாவது, தோட்டா. இதுவே என்னை நெடுநேரம் சிந்திக்க வைத்தது. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் கல்கத்தாவுக்கு அருகிலுள்ள டம்டம் தொழிற்சாலையில் ஆங்கிலேயர் ஒருவகைத் தோட்டா செய்தனர். உடலுக்குள் புகுந்ததும் அதன் முனை விரிந்து பெருங்காயம் உண்டாக்கும். அதன் கொடுமை கருதி, 1899-இல் ஹேக் நகரில் கூடிய நாடுகளுள் பல இத்தகைய தோட்டாக்களைப் போரில் பயன்படுத்தலாகாது என உறுதி கூறின. போரில் விலக்கப்பட்ட அதே வகையைத்தான் இன்று அமெரிக்காவில் தற்காப்புக்கு ஏற்றது என்கிறார்கள். விரியாத தோட்டா தாக்கியவனின் உடலைத் துளைத்து வெளியேறி, பின்னால் நிற்கும் குழந்தையையும் கொல்லக்கூடும், விரியும் தோட்டா உள்ளேயே நின்றுவிடும் என்று காரணம் சொல்கிறார்கள். குற்றமற்றவர்மீது கொண்ட அக்கறை ஒரு கொடிய தோட்டாவைத் தேர்ந்தெடுக்க வைக்கிறது. இந்தக் காரணத்தில் பொய் இல்லை. ஆயினும், இரக்கம்கூட இத்தகைய உருவம் எடுக்க வேண்டிய ஒரு நிலைக்குள் நாம் நுழைந்திருக்கிறோம் என்பதை அது உணர்த்துகிறது.

கொல்லும் எண்ணம் இல்லாமல் சுட முடியுமா?

கைத்துப்பாக்கிப் பயிற்சியாளர்கள் அங்கே ஒரு பாடம் சொல்லித் தருகிறார்கள். கொல்வதற்காகச் சுடாதே, தாக்குதலைத் தடுத்து நிறுத்துவதற்காகச் சுடு, அது நின்றதும் நிறுத்து என்பது அந்தப் பாடம். அக்குவினாஸைப் படிக்காதவர்களே ஏறத்தாழ அவருடைய கொள்கையைக் கற்பிக்கிறார்கள்! ஆனால் அதே பயிற்சியாளர், காலில் சுடாதே, மார்பின் நடுவில் சுடு என்றும் கற்பிக்கிறார். பதற்றத்தில் காலைக் குறிவைத்தால் தவறும், அப்படியே பட்டாலும் தாக்குபவன் உடனே நிற்க மாட்டான் என்பது காரணம். மார்பில் பாயும் குண்டு உயிரைப் போக்கக்கூடும் என்று தெரிந்தே சுடுகிறவர், "சாவை நான் நாடவில்லை" என்று கடவுள் திருமுன் சொல்ல முடியுமா?

முடியும் என்றே நான் முடிவு செய்தேன். ஆனால் அது உண்மையா என்பதைச் சோதித்துப் பார்க்கவும் வழி உண்டு. தாக்கியவன் துப்பாக்கியைக் கண்டதும் ஓடிவிடுகிறான் என்று வைத்துக்கொள்வோம். அப்போது என் மனம் நிம்மதி அடைகிறதா, ஏமாற்றம் அடைகிறதா? அவன் காயத்தோடு கீழே கிடக்கிறான். மருத்துவ ஊர்தியை அழைக்க என் கை விரைகிறதா, தயங்குகிறதா? அவன் பிழைத்துக்கொண்டான் என்று மறுநாள் கேள்விப்படுகிறேன். கடவுளுக்கு நன்றி சொல்கிறேனா? சொல்ல முடிந்தால் நான் நாடியது அவன் சாவு அன்று. சொல்ல முடியாவிட்டால், நான் தற்காப்பு என்ற பெயரில் வேறொன்றை நெஞ்சில் வைத்திருந்தேன் என்பதே பொருள்.

இங்கே இன்னொரு சிக்கல் உண்டு. அக்குவினாஸ் பேசியது தாக்கப்படும் கணத்தைப் பற்றி. துப்பாக்கியை மறைத்து ஏந்துவதோ ஒரு கணத்துச் செயல் அன்று. காலைதோறும் அரைக்கச்சை கட்டும்போது புதுப்பிக்கப்படும் முடிவு அது. ஆகவே, "அந்த நேரத்தில் என்ன செய்வேன்" என்று கேட்டால் மட்டும் போதாது. "இதை நாள்தோறும் சுமப்பதால் நான் எத்தகைய மனிதனாக ஆவேன்" என்றும் கேட்க வேண்டும். ஆயுதம் ஏந்தியவர் சாலைச் சச்சரவுகளிலும் வாய்ச்சண்டைகளிலும் எப்போதும் விட்டுக்கொடுத்து விலக வேண்டும், ஏனெனில் அவரிடம் உள்ள சினம் மற்றவர் சினத்தைவிட ஆபத்தானது என்று பொறுப்புள்ளவர்கள் கற்பிக்கிறார்கள். அப்படியே வாழ்ந்து, துப்பாக்கி தனக்குப் பொறுமையைக் கற்றுத் தந்தது என்று சொல்வோர் உண்டு. அதனால் துணிவு ஏறி, முன்பு போக அஞ்சிய இடத்துக்குப் போய், முன்பு பேசாத சொல்லைப் பேசியோரும் உண்டு. தான் எந்த வகை என்பதை வாங்குவதற்கு முன்பே அறிந்தவர் எத்தனை பேர்?

இரண்டு நிகழ்ச்சிகள்

2019 டிசம்பர் 29, ஞாயிறு. டெக்சாஸின் ஒயிட் செட்டில்மென்ட் என்ற ஊரில் பிற சபையினரின் ஆலயம் ஒன்றில் வழிபாடு நடந்துகொண்டிருந்தது. ஒருவன் எழுந்து, நீண்ட துப்பாக்கியால் இருவரைச் சுட்டான். இருவருமே இறந்தனர். சுமார் ஆறு நொடிகளுக்குள், ஆலயப் பாதுகாப்புக்குத் தாமாக முன்வந்திருந்த ஓர் உறுப்பினர் தம் கைத்துப்பாக்கியால் ஒரே முறை சுட்டார். அவன் விழுந்தான். ஆலயத்தில் இருந்த மற்ற அனைவரும் பிழைத்தனர். 2017-இல் அதே மாநிலத்தின் சதர்லாந்து ஸ்பிரிங்ஸில் ஓர் ஆலயத்தின்மீது நடந்த தாக்குதலில் 26 பேர் மாண்டதை நினைத்தால், அந்த ஒரு தோட்டா எத்தனை பேரைக் காத்தது என்பது விளங்கும். அதே நேரத்தில், முதலில் சுடப்பட்டு மாண்ட இருவரில் ஒருவரும் பாதுகாப்புக் குழுவைச் சேர்ந்தவரே என்பதையும் சொல்ல வேண்டும். அவர் தம் துப்பாக்கியை உருவிக்கொண்டிருந்தபோதே சுடப்பட்டார்.

காப்பாற்றியவர் பின்னர், தாம் ஒரு மனிதனைக் கொன்றதாக உணரவில்லை, ஒரு தீமையையே கொன்றதாக உணர்வதாகச் சொன்னார். அந்தத் துயரைத் தாங்கிக்கொள்ளும் வழி அதுவே என்றும் சொன்னார். அவரைக் குறைகூற எனக்குத் தகுதி இல்லை. அவர் செய்தது கடமை. ஆனால் விழுந்து கிடந்தவனும் மனிதன்தான் என்பதைத் திருச்சபையின் மரபு விட்டுக்கொடுப்பதில்லை. 4-ஆம் நூற்றாண்டில் புனித பெரிய பசிலியார், போரில் கொன்றவர்களைக் கொலைகாரராக முன்னோர் கருதவில்லை என்று ஏற்றுக்கொண்டார். ஆயினும் அவர்கள் கைகள் தூய்மையாக இல்லாததால், மூன்று ஆண்டுகள் நற்கருணையிலிருந்து விலகியிருப்பது நல்லது என அறிவுரை கூறினார். தண்டனையாக அவர் இதைச் சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை. குற்றம் இல்லாத இடத்திலும் துயரம் இருக்க வேண்டும் என்பதை அறிந்த ஒரு மேய்ப்பரின் மருந்தாகவே அது எனக்குப் படுகிறது.

இரண்டாவது நிகழ்ச்சி பழையது. 1992 அக்டோபரில் லூயிசியானா மாநிலத்தின் பேட்டன் ரூஜ் நகரில், ஜப்பானிலிருந்து படிக்க வந்த 16 வயது மாணவன் ஒருவன் விருந்து ஒன்றுக்குப் போகும் வழியில் வீடு மாறி வேறொரு கதவைத் தட்டினான். வீட்டுக்காரர் துப்பாக்கியோடு வந்து, அசையாதே என்று ஆங்கிலத்தில் கத்தினார். மாணவன் முன்னே நடந்தான், சுடப்பட்டு இறந்தான். குற்றவியல் மன்றம் வீட்டுக்காரரை விடுவித்தது. பின்னர் உரிமையியல் மன்றம் அவரே பொறுப்பாளர் எனத் தீர்ப்பளித்து இழப்பீடு விதித்தது. அவர் கொடியவர் அல்லர், அஞ்சியவர்தாம். இரவில் கன்னமிடும் திருடனைக் கொன்றால் இரத்தப்பழி இல்லை, கதிரவன் எழுந்தபின் கொன்றால் பழி உண்டு என்று விடுதலைப் பயணநூலின் 22-ஆம் அதிகாரம் வகுத்திருப்பதை நாம் அறிவோம். வெளிச்சத்தில் ஆளைத் தெரிந்துகொள்ள முடியும் என்பதால்தான் அந்த வேறுபாடு என்று நான் கருதுகிறேன். அச்சத்துக்கு எப்போதும் இருட்டுதான். அந்த நாட்டில் கதவு மாறித் தட்டும் அந்நியராக இருக்கப்போவதும் நம் பிள்ளைகள்தாம் என்று என் மருமகனுக்கு எழுதினேன்.

வீட்டுக்குள் இருக்கும் ஆபத்து

அமெரிக்காவில் 2021-இல் துப்பாக்கியால் மாண்டவர்கள் 48,830 பேர். அவர்களுள் 26,328 பேர், அதாவது பாதிக்கும் மேற்பட்டோர், தம்மைத் தாமே சுட்டுக்கொண்டவர்கள். கலிபோர்னியாவில் இரண்டரைக் கோடிக்கும் மேற்பட்டோரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2020-இல் வெளியான ஆய்வு ஒன்று, கைத்துப்பாக்கி வைத்திருக்கும் ஆண்கள், வைத்திராத ஆண்களைவிட ஏறத்தாழ எட்டு மடங்கும், பெண்கள் முப்பத்தைந்து மடங்கும் கூடுதலாகத் துப்பாக்கித் தற்கொலையால் மாண்டதாகக் காட்டியது. கைத்துப்பாக்கி உரிமையாளரோடு ஒரே வீட்டில் வாழ்வோர் கொலையுண்ணும் விகிதமும் இரு மடங்குக்கு மேல் இருந்ததாக 2022-இல் அதே ஆய்வாளர் குழு கண்டது. வேறு வழிகளில் தற்கொலைக்கு முயல்வோரில் பெரும்பாலோர் பிழைக்கிறார்கள், மனம் மாறி நெடுநாள் வாழ்கிறார்கள். துப்பாக்கியை எடுத்தவரில் பத்துக்கு ஒன்பது பேர் ஏறத்தாழப் பிழைப்பதில்லை.

இந்த எண்களைப் படித்த இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. என் மருமகனின் மூத்த மகனுக்கு வயது பதினாறு. சென்ற ஆண்டு முதல் அவன் யாரோடும் பேசாமல், பள்ளியில் சோர்ந்து, மருத்துவரின் ஆலோசனையில் இருந்து வருகிறான் என்பதை என் தமக்கை கண்ணீரோடு சொல்லியிருந்தார். மருமகனின் நீண்ட மடலில் அதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. கடைக்கு வந்த கள்வரைப் பற்றி மூன்று பக்கங்கள் இருந்தன.

பிறர் உயிருக்குப் பொறுப்பாளராக இருப்பவருக்குத் தற்காப்பு கடமையாகலாம் என்று மறைக்கல்வி சொல்வதைக் கண்டோம். அந்தக் கடமை இரு பக்கமும் வெட்டும். கடையில் அடிபட்ட பணியாளருக்கு அவன் பொறுப்பாளன் என்றால், மாடியறையில் கதவை மூடிக்கொண்டிருக்கும் மகனுக்கும் அவனே பொறுப்பாளன். முகமூடிக் கள்வன் இனி வரலாம், வராமலும் போகலாம். மகனோ இப்போதே வீட்டில் இருக்கிறான். வராத எதிரியிடமிருந்து காப்பதற்காகக் கொண்டுவரும் பொருள், வீட்டில் இருக்கும் உயிருக்கு ஆபத்தாகுமானால், எந்தக் கடமை பெரிது? தற்காப்பு உரிமையைப் பற்றி வாதிடுவோர் தம் கண்முன் தாக்க வருபவனை மட்டுமே வைத்துக்கொள்கிறார்கள். அறநெறியோ அவரைச் சுற்றி இருக்கும் அனைவரையும் பார்க்கச் சொல்கிறது.

நான் எழுதிய விடை

துப்பாக்கி வைத்திருப்பது பாவம் என்று நான் அவனுக்கு எழுதவில்லை. ஆலயத்துக்குள் அதைக் கொண்டு செல்லாதே என்று எழுதினேன். 2014-இல் அட்லாண்டாவின் பேராயரும், 2016-இல் டல்லாஸின் ஆயரும் தங்கள் ஆலயங்களில் அதைத் தடை செய்ததை எடுத்துக்காட்டினேன். மற்றபடி சில கேள்விகளை மட்டும் வைத்தேன். இரவுக் கடையை முன்னதாக மூட முடியாதா? பணப் பெட்டியில் சிறு தொகை மட்டும் இருக்கச் செய்ய முடியாதா? கல்லாவுக்கு முன் தடித்த கண்ணாடித் தடுப்பு வைத்தால் என்ன செலவாகும்? கொள்ளையர் கேட்டதைக் கொடுத்துவிட்டால் இழப்பது ஓர் இரவின் வருமானம்தானே? உயிருக்காக ஆயுதம் ஏந்தலாம் என்றுதான் நம் மறை சொல்கிறது, பொருளுக்காக உயிரை எடுக்கலாம் என்று சொல்லவில்லை. இவை அனைத்தையும் செய்தபின்னும் ஆபத்து நீங்கவில்லை என்றால் அப்போது துப்பாக்கியைப் பற்றிப் பேசுவோம். தேவைக்கு மிஞ்சிய வன்மை கூடாது என்ற அக்குவினாஸின் அளவுகோல், சுடும் கணத்துக்கு மட்டும் உரியதன்று. அது கடையில் பொருள் வாங்கும்போதே தொடங்குகிறது. கடைசியாக, "உன் மகனைப் பற்றி நீ ஏன் ஒரு வரியும் எழுதவில்லை?" என்று கேட்டேன்.

ஈஸ்டருக்குப் பின் அவனிடமிருந்து பதில் வந்தது. கண்ணாடித் தடுப்பு வைத்துவிட்டானாம். இரவு பத்து மணிக்குக் கடையை மூடுகிறானாம். வருமானம் குறைந்துவிட்டது, அச்சம் இன்னும் முழுதும் போகவில்லை என்று எழுதியிருந்தான். "துப்பாக்கி வாங்கவில்லை. மகனை நான் நினைத்துப் பார்க்கவே இல்லை, மாமா. அதுதான் எனக்கு வெட்கமாக இருக்கிறது" என்பது மடலின் இறுதி வரி.

அதற்கு முந்தைய வரி ஒன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். மண்டையில் அடிபட்ட அந்தப் பணியாளர் கைத்துப்பாக்கி வாங்கிவிட்டாராம். பிள்ளைகள் இல்லாதவர். இரவில் தனியே ஐந்து கல் தொலைவு வண்டி ஓட்டி வீடு திரும்புகிறவர். வாரந்தோறும் பயிற்சிக்குச் செல்கிறார். காயம் ஆறியும் தலைவலி தீரவில்லையாம். அவர் தவறு செய்துவிட்டார் என்று சொல்ல எனக்குத் துணிவில்லை. அவருக்காகவும், அவர் துப்பாக்கி ஒருநாளும் உறையைவிட்டு வெளியே வர நேராதிருக்கவும், அவரை அடித்தவன் மனம் திரும்பவும் நாள்தோறும் இரவுச் செபத்தில் மன்றாடி வருகிறேன்.

பேதுருவுக்கு ஆண்டவர் சொன்னது வாளை உறையில் போடச் சொல்லித்தான். அதைத் தூர எறியும்படி அவர் சொன்னதாக நற்செய்தியாளர் எவரும் எழுதவில்லை. அந்த வாள் அதன்பின் என்ன ஆயிற்று என்பதும் நமக்குத் தெரியாது. ஆனால் இயேசுவின் கை முதலில் எங்கே நீண்டது என்பது நமக்குத் தெரியும். தமக்கு எதிராக வந்தவனின் காயத்தை நோக்கி அது நீண்டது. ஆயுதம் ஏந்துவோரும் ஏந்தாதோரும் மறக்கக் கூடாதது அந்தக் கையையே.